அச்சகமும் மொழியும்: அந்தமான் நிக்கோபார் மொழிநூல்களின் அச்சு வரலாறு

முன்னுரை

பல்கலைக்கழகங்களின் அச்சுப் பிரிவுகளையும் வடிவமைப்புப் பிரிவுகளையும் நடத்தும் மேலாளர்கள் ஓரிடத்தில் கூடித் தம் தொழிலைப் பற்றிக் கலந்தாய்வது மேலைநாடுகளில் நிலைபெற்ற வழக்கமாகும். அமெரிக்காவில் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் சங்கம் 1937இல் தோன்றியது. கல்லூரி, பல்கலைக்கழக அச்சாளர்களுக்கெனத் தனிச் சங்கமும் மாநாடும் அங்கு உண்டு. எந்திரம், தாள், செலவு, வடிவமைப்பு, பணியாளர் பயிற்சி என்பன இத்தகைய கூட்டங்களின் பொருள்களாகும். வெளிப்பார்வைக்கு இவை தொழிற்செய்திகளாகவே தோன்றும். ஆயினும் ஒரு மொழி எவ்வெழுத்தில் அச்சேற வேண்டும், அதன் ஒலிகளுக்குரிய குறிகள் அச்சகத்தில் உள்ளனவா, மெய்ப்பைத் திருத்துபவர் யார் என்னும் வினாக்களும் அச்சகத்தின் வினாக்களே ஆகும். எழுத்து மரபு இல்லாத மொழிகளைப் பொறுத்தவரை, அவ்வினாக்களுக்கு அச்சகமும் நூலாசிரியரும் சேர்ந்து தந்த விடையே பெரும்பாலும் அம்மொழியின் எழுத்து மரபாக நிலைத்துவிடுகிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தொன்மொழிகள் இவ்வகையைச் சார்ந்தவை. அம்மொழிகளைப் பற்றிய நூல்கள் எங்கெங்கு, எவ்வெவ் அச்சகங்களில், யாருக்காக அச்சிடப்பட்டன என்பதனை ஆராய்ந்து, நிறுவன அச்சகத்திற்கு மொழியின்பாலுள்ள பொறுப்பினைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் அச்சு வரலாறு இங்கு ஒப்புநோக்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

தீவுகளின் மொழிநிலை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581 ஆகும். தாய்மொழி அடிப்படையில் வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28.5 விழுக்காட்டினர், இந்தி பேசுவோர் 19.3 விழுக்காட்டினர், தமிழ் பேசுவோர் 15.2 விழுக்காட்டினர், தெலுங்கு பேசுவோர் 13.2 விழுக்காட்டினர். நிக்கோபார் மொழி பேசுவோர் 7.6 விழுக்காட்டளவினர். முதல் நான்கு மொழிகளும் பெருநிலத்திலிருந்து குடியேறியோரின் மொழிகள். அவை தத்தம் எழுத்துகளோடும் அச்சு மரபுகளோடும் தீவுக்கு வந்தன.

தீவின் தொன்மொழிகளின் நிலை வேறு. நிக்கோபார் மொழிகள் ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தவை. பேரந்தமானிய மொழிகளும், ஓங்கே, ஜாரவா ஆகிய மொழிகளும் அக்குடும்பத்தில் அடங்காதவை. இவற்றுள் எதற்கும் பழைய எழுத்து மரபு இல்லை. எனவே இவை முதன்முதல் எழுத்துருப் பெற்றது அச்சுக்குச் செல்லும் வழியிலேயே எனலாம்.

தரங்கம்பாடியும் நிக்கோபாரும்

இந்திய அச்சு வரலாற்றில் தனியிடம் பெற்ற தரங்கம்பாடியும், நிக்கோபார்த் தீவுகளும் ஒரே கொடியின்கீழ் இருந்தன என்பது பலரும் கருத்திற்கொள்ளாத செய்தியாகும். தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620இல் டேனியர் தரங்கம்பாடியைப் பெற்றனர். 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு, மொழி கற்ற சில ஆண்டுகளுக்குள் அச்சகத்தின் தேவையை உணர்ந்தார். இலண்டனிலுள்ள கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் வந்தது. செருமனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. புதிய ஏற்பாட்டின் அச்சுப்பணி 1715இல் நிறைவுற்றது.

இங்குக் கருதத்தக்கது யாதெனில், ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று என்பதாகும். அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டிகளைப் பொதிந்து வந்த ஈயத் தகடுகளே அவ்வார்ப்புக்குப் பயன்பட்டன என்பர். பொறையாற்றில் தாளாலையும் அமைக்கப்பட்டது. எழுத்து வார்ப்பு, தாள், அச்சுக்கோப்பு, மொழிபெயர்ப்பு, தமிழ் அறிந்தோர் ஆகிய யாவும் சில கல் தொலைவுக்குள் அமைந்தன. அச்சில் நேர்ந்த குறையை, அம்மொழி வழங்கும் இடத்திலேயே கண்டு திருத்த முடிந்தது.

இத்தரங்கம்பாடியிலிருந்தே டேனியர் 1756இல் நிக்கோபாரில் குடியேற்றம் நிறுவ முயன்றனர். அத்தீவுகளுக்குத் தம் மன்னர் பிரெடெரிக்கின் பெயரைச் சூட்டினர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவியச் சபையார் 1768இல் நன்கௌரியில் பணியைத் தொடங்கினர். காய்ச்சல் நோயால் அவர்களுள் பலர் மாண்டனர். 1787இல் அப்பணி கைவிடப்பட்டது. அங்குப் பணியாற்றிய ஹேன்சலின் கடிதங்கள் 1812இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன.

தரங்கம்பாடியில் தமிழுக்கு உருவானதுபோன்ற அச்சு மரபு நிக்கோபார் மொழிக்கு உருவாகவில்லை. நோயும் உயிரிழப்பும் இதற்கு முதற்காரணங்களாம். பிறிதொரு காரணமும் உண்டு. தரங்கம்பாடி அச்சகம் ஹாலே சார்ந்த பணியாளர்களின் பொறுப்பில் இருந்தது. அவர்களுக்கும் மொரேவியர்க்கும் இணக்கம் இருக்கவில்லை. ஆகவே ஒரே ஊரில் அச்சகம் இருந்தும், நிக்கோபார் சென்றோர்க்கும் அதற்கும் நெருக்கமான உறவு அமையவில்லை. அச்சகம் அண்மையில் இருத்தல் வேறு, அது ஒரு மொழிக்குப் பயன்படுதல் வேறு என்பது இதனாற் புலனாகிறது.

கல்விச் சங்க அச்சகம்

கல்வி நிறுவனம் ஒன்று தனக்கென அச்சகம் வைத்துக்கொண்டால் மொழிக்கு என்ன நேரும் என்பதற்குச் சென்னைக் கல்விச் சங்கம் சிறந்த சான்றாகும். கம்பெனி அலுவலர்க்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்கும்பொருட்டு 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. எல்லிஸ் அதன் அமைப்பில் முன்னின்றார். கேம்பெல் இயற்றிய தெலுங்கு இலக்கண நூல் 1816இல் இக்கல்லூரி அச்சகத்தில் வெளிவந்தது. தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்றும் வேறான ஒரு மூலத்தைச் சார்ந்தவை என்னும் எல்லிஸின் கருத்துரை அந்நூலின் முன்பகுதியில் இடம்பெற்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்திற்கு நாற்பது ஆண்டுகள் முற்பட்டது இது. வீரமாமுனிவரின் சதுரகராதியும் 1824இல் இச்சங்கத்தின் வாயிலாக அச்சேறியது. தாண்டவராய முதலியார் போன்ற தமிழ்ப் புலவர்கள் அதன் பதிப்புப் பணியில் ஈடுபட்டனர்.

ஆசிரியர், புலவர், அச்சுக்கோப்பாளர், மாணவர் ஆகிய நால்வரும் ஒரு நிறுவனத்திற்குள் இருந்தமை இச்சங்கத்தின் சிறப்பாகும். ஆளுவோரின் தேவைக்காகத் தோன்றிய அச்சகமே எனினும், மெய்ப்பைத் திருத்தும் இடத்தில் அம்மொழியின் புலவர் அமர்ந்திருந்தார். இக்கல்லூரி 1854இல் கலைக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1858இல், அந்தமானில் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை நிறுவினர்.

கல்கத்தாவும் இலண்டனும்

டேனியர் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றனர். 1848இல் நிக்கோபார் மீதான உரிமையையும் துறந்தனர். 1869இல் நிக்கோபார் ஆங்கிலேயர் வசமாகி, போர்ட் பிளேர் ஆட்சியோடு இணைக்கப்பட்டது. அதன் பின்னரே தீவு மொழிகளைப் பற்றிய நூல்கள் தொடர்ந்து வெளிவரலாயின.

இவற்றுள் டி ரோப்ஸ்டார்ஃப் தொகுத்த நன்கௌரி மொழி அகராதி தனித்துக் குறிப்பிடத்தக்கது. டேனிய மரபினரான இவர் ஆங்கில ஆட்சியின் அலுவலராகக் கமோர்ட்டாவில் பணியாற்றினார்; 1883இல் அங்கேயே கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற அகராதியை அவருடைய மனைவியார் பதிப்பித்தார். கல்கத்தாவிலுள்ள உள்துறை அச்சகம் அதனை 1884இல் வெளியிட்டது. தொகுத்தவர் உயிருடன் இல்லை. அம்மொழி பேசுவோர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்ட கடலில் இருந்தனர். அச்சில் ஓர் எழுத்து மாறினால், அது பிழை என்று சொல்லத்தக்கவர் அச்சகத்தின் அருகில் ஒருவரும் இலர். அந்நிலையிலும் அந்நூல் வெளிவந்தமைக்கு அப்பெருமாட்டியின் உழைப்பே காரணமாகும்.

இ. எச். மேன் தொகுத்த நடு நிக்கோபார் மொழி அகராதி 1889இல் இலண்டனில் வெளிவந்தது. போர்ட்மன் எழுதிய தென்னந்தமான் மொழிகள் பற்றிய குறிப்புகள் 1898இலும், அந்தமானியருடனான ஆங்கிலேயர் உறவு பற்றிய இரு தொகுதி வரலாறு 1899இலும் கல்கத்தா அரசு அச்சகத்தில் அச்சாயின.

எழுத்து முறையைப் பொறுத்தவரை, மேன் திரட்டிய தென்னந்தமான் சொற்களுக்கு உரோமன் எழுத்து வரிசை ஒன்றனை ஒலியியல் அறிஞர் ஏ. ஜே. எல்லிஸ் அமைத்துத் தந்தார். கல்விச் சங்கத்து எல்லிஸ் வேறு, இவர் வேறு. ஆங்கிலக் கிளைமொழிகளின் ஒலிகளை எழுதுதற்கு இவர் முன்னர் வகுத்த முறை ஒன்று, புதிய வார்ப்பு வேண்டாமல் எல்லா அச்சகங்களிலும் உள்ள பழைய அச்செழுத்துகளைக் கொண்டே அமைந்ததாகும். அச்சகத்தில் எவ்வெழுத்து உள்ளதோ அதற்கேற்ப ஒலிக்குறியை வகுக்கும் நெறி இது. மொழியியலாரின் எழுத்துத் தேர்வில் அச்சகத்தின் வசதி எவ்வளவு பங்கு கொண்டது என்பதற்கு இது சான்றாகும்.

தமிழுக்கும் இது புதிதன்று. ணை, லை, னா, றா போன்ற எழுத்துகளுக்குரிய தனி வடிவங்களை நீக்கும் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935இல் தம் இதழில் நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாடு அரசு 1978இல் அதனை ஏற்றது. அச்சுக்கோப்பின் எளிமையும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் அம்மாற்றத்தை முன்மொழிந்தவர், எதிர்த்தவர், ஏற்றவர் ஆகிய அனைவரும் தமிழ் பேசுவோர். தீவு மொழிகளுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை.

போர்ட் பிளேர் அச்சகம்

தீவிலேயே அச்சகம் இல்லாமலில்லை. தண்டனைக் குடியிருப்பின் கண்காணிப்பாளர் அச்சகம் போர்ட் பிளேரில் இயங்கியது. தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்டு டெம்பிள் எழுதிய அந்தமானிய மொழிகளின் இலக்கணமும் நிக்கோபார் மொழியின் இலக்கணமும் 1902இல் அவ்வச்சகத்தில் அச்சிடப்பட்டன. இவை 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையின் பகுதிகளாக அமைந்தவை.

தீவின் மொழிக்கான இலக்கணம் தீவின் அச்சகத்திலேயே உருவானது என்ற வகையில் இது குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும். ஆயினும் அந்நூல்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பதனையும் நோக்குதல் வேண்டும். கணக்கெடுப்பு அறிக்கையின் வாசகர் ஆட்சியாளரும் அறிஞருமே ஆவர். பேரந்தமானியர் அதனைப் படிக்கும் நிலையில் இருக்கவில்லை. அக்காலத்தில் அவர்கள் நோயால் விரைந்து அழிந்துகொண்டிருந்தனர். இடம் ஒன்றாயிருந்தும், நூலும் மொழியினரும் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை. கல்விச் சங்க அச்சகத்திற்கும் போர்ட் பிளேர் அச்சகத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இரண்டும் ஆட்சியின் அச்சகங்கள். முன்னதில் மொழியினர் பதிப்பாசிரியராகவும் இருந்தனர். பின்னதில் ஆய்வுப்பொருளாக மட்டுமே இருந்தனர்.

கார் நிக்கோபாரும் இரங்கூனும்

கார் நிக்கோபாரின் வரலாறு இதனின்றும் வேறுபடுகிறது. சென்னைப் பகுதியிலிருந்து சென்ற வேதப்பன் சாலமன் என்னும் சமய ஆசிரியர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவின் மூஸ் என்னும் ஊரில் அரசின் முகவராகவும் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். 1901இல் அங்குச் சென்ற குளோஸ் என்பார் 1903இல் வெளியிட்ட தம் பயண நூலில் இவரைப் பற்றி எழுதியுள்ளார். இவரிடம் பயின்ற நிக்கோபார்ச் சிறுவர்களுள் ஒருவரே பிற்காலத்தில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன்.

அக்காலத்தில் இத்தீவுகளின் ஆங்கிலத் திருச்சபை இரங்கூன் மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ரிச்சர்ட்சன் மேற்படிப்புக்கு மாந்தலே சென்றார். ஜார்ஜ் வைட்ஹெட் தொகுத்த கார் நிக்கோபார் மொழி அகராதி 1925இல் இரங்கூன் அமெரிக்க பாப்டிசுட் சமயப்பணி அச்சகத்தில் வெளிவந்தது. பர்மாவின் பல மொழிகளை அச்சிட்டுப் பழகிய அச்சகம் அது. மேற்குறிகள் இட்ட உரோமன் எழுத்தே அகராதிக்குப் பயன்பட்டது. முதல் ஆசிரியர் தமிழர். திருச்சபையின் தலைமையிடம் பர்மா. எனினும் தமிழெழுத்தோ பர்மிய எழுத்தோ கார் நிக்கோபார் மொழிக்கு அமையவில்லை. பள்ளி, திருச்சபை, அச்சகம் ஆகிய மூன்றுக்கும் பொதுவாயிருந்த உரோமன் எழுத்தே நிலைபெற்றது.

ரிச்சர்ட்சன் தம் மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1950இல் வெளிவந்தது. முழுத் திருமறை 1969இல் வெளிவந்தது. 1952இல் முதல் மக்களவைக்கு இத்தீவுகளின் சார்பில் நியமிக்கப்பட்டவரும் இவரே. 1978இல் இவர் மறைந்தார். கார் நிக்கோபார் மொழியில் அச்சிட்ட நூல் வழிபாட்டிலும் இல்லத்திலும் படிக்கப்படும் நூலாக ஆனமைக்கு இவருடைய பணியே அடிப்படையாகும். அச்சகம் எப்போதும்போல் கடலுக்கு அப்பாலேயே இருந்தது. மாறியது ஒன்றே ஒன்று: எது சரி, எது பிழை என்று சொல்லும் உரிமை மொழி பேசுபவரிடம் வந்தது. அச்சகத்தின் தொலைவைக் காட்டிலும் மெய்ப்பின்மீதுள்ள உரிமையே மொழியின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பது இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிடுகையில் தெளிவாகிறது.

காலந்தாழ்ந்து வந்த அகராதி

பேரந்தமானிய மொழிகளுக்கு ரிச்சர்ட்சன் போன்ற ஒருவர் வாய்க்கவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பேரந்தமானியர் 44 பேர் மட்டுமே. பேராசிரியர் அன்விதா அப்பி 2005ஆம் ஆண்டு முதல் எஞ்சியிருந்த முதியோரிடம் சொற்களையும் கதைகளையும் பதிவுசெய்தார். போ மொழியை அறிந்திருந்த கடைசிப் பெண்மணியான போவா 2010 சனவரியில் மறைந்தார். பறவைப் பெயர்களைப் பற்றிய நூல் ஒன்றும், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகளில் பொருள் தரும் பேரந்தமானிய அகராதியும் முறையே 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அகராதியில் சொற்கள் ஒலியியல் எழுத்தோடு தேவநாகரியிலும் தரப்பட்டன. ஒலிப்பதிவு வட்டும் இணைக்கப்பட்டது. தம் மொழியை மறந்துவரும் இளையோர்க்குப் பழக்கமான எழுத்து தேவநாகரி என்பதனை எண்ணினால் இத்தேர்வின் பொருத்தம் விளங்கும். மொழியினரை வாசகராகக் கருதிய அச்சாக்கம் இது. எனினும் போர்ட் பிளேர் அச்சகத்தில் இலக்கணம் அச்சாகி 110 ஆண்டுகள் கடந்த பின்னரே இது நிகழ்ந்தது.

தொலைவில் அச்சிடப்பட்டமையால் விளைந்த நன்மை ஒன்றனையும் மறுத்தலாகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கடற்கரை ஊர்களை அழித்தது. கல்கத்தாவிலும் இலண்டனிலும் இரங்கூனிலும் அச்சிடப்பட்ட பழைய மொழிநூல்களின் படிகளோ உலகின் பல நூலகங்களில் இருந்தன. படிகள் பல இடங்களில் பேணப்படுதலும் அச்சின் பணிகளுள் ஒன்றே. தீவில் அச்சிட்டுத் தீவில் மட்டும் வைத்தல் போதாது.

மாநாடுகளின் பயன்

அச்சுத் தொழிலாளர், கணிப்பொறியாளர், மொழியறிஞர், அரசு அலுவலர் ஆகியோர் ஓரிடத்தில் கூடி முடிவெடுப்பதனால் விளையும் பயனுக்குத் தமிழிணைய மாநாடுகள் நல்ல எடுத்துக்காட்டாகும். கணிப்பொறி அச்சு பரவிய காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு எழுத்துருக் குறியீட்டைப் பின்பற்றியது. ஓரிடத்தில் தட்டெழுதிய பக்கத்தைப் பிறிதோர் இடத்தில் படிக்க இயலவில்லை. 1997இல் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாடு தமிழ்99 விசைப்பலகைக்கும் தரப்படுத்தப்பட்ட குறியீடுகளுக்கும் வழிவகுத்தது. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒரு மொழியின் அச்சு வசதி தானாக அமைவதில்லை; பொறுப்புடையோர் கூடிப் பேசி அமைப்பதாகும்.

நிக்கோபார் மொழிகளுக்கும் பேரந்தமானியத்திற்கும் வேண்டிய எழுத்துகளும் மேற்குறிகளும் இன்று ஒருங்குறியில் உள்ளன. எழுத்து வார்ப்பின் செலவு என்னும் பழைய தடை நீங்கிவிட்டது. இனி எஞ்சுவது நிறுவனப் பொறுப்பு மட்டுமே. அத்தீவுகளின் முதற் கல்லூரியான ஜவாகர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967இல் தோன்றியது. 1985இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளும் அதன் சட்டத்தால் சேர்க்கப்பட்டன. தமிழ் வழங்கும் ஒரு கடற்கரை நகரத்திற்கும் இத்தீவுகளுக்கும் இடையே மீண்டும் ஒரு நிறுவன உறவு இதனால் ஏற்பட்டது. தரங்கம்பாடி தவறவிட்ட வாய்ப்பு, அதே கடற்கரையில் மறுமுறை வந்தது எனலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் அச்சு, பதிப்புப் பிரிவினர் கூடும்பொழுது, எந்திரத்தின் விலையோடு, சிறுமொழி நூலின் மெய்ப்பு எவ்வழியில் மொழியினர் கைக்குச் செல்லும் என்பதும் பேசப்பட வேண்டிய பொருளாகும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. தரங்கம்பாடியும் நிக்கோபாரும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தும், முன்னதில் தமிழ் அச்சு வளர்ந்ததுபோல் பின்னதன் மொழிக்கு அச்சு வளரவில்லை. அச்சகத்தின் அண்மை மட்டும் ஒரு மொழிக்குப் போதுவதில்லை.

2. சென்னைக் கல்விச் சங்கத்தில் மொழிப்புலவர் பதிப்புப் பணியில் இடம்பெற்றனர். 1884 முதல் 1902 வரை தீவு மொழிகளுக்கு வெளிவந்த நூல்களில் மொழியினர் தகவல் தருவோராக மட்டுமே இருந்தனர்.

3. கார் நிக்கோபார் மொழி அச்சில் வாழும் மொழியானது, அம்மொழியினரே மொழிபெயர்ப்பாளரான பின்னரே ஆகும்.

4. எழுத்துருத் தடை நீங்கிய இக்காலத்தில், சிறுமொழிகளின் நூல்களை அச்சிடும் பல்கலைக்கழகங்கள் மொழியினரின் மெய்ப்புத் திருத்தத்தைத் தம் பணிமுறையின் ஒரு கட்டமாகவே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

1884இல் கல்கத்தா அச்சகத்தின் மேசைமீது இருந்த நன்கௌரி அகராதியின் மெய்ப்பைப் படித்துச் சொல்ல ஒரு நிக்கோபாரியர் இல்லை. இன்று படித்துச் சொல்லத்தக்கோர் இருக்கின்றனர். அவர்களிடம் மெய்ப்பை அனுப்பும் கடமை அச்சிடும் நிறுவனத்தைச் சார்ந்தது.